கரவனுக்குள் ஏசி: நம்பரை விடுங்க, ஃபேன் சுவிட்சைப் பாருங்க

எம்பிலிப்பிட்டியவில் ஏசி வேலை செய்கிறவனிடம் வருகிறவர்கள் வாய் திறந்ததும் ஒரு நம்பரைத்தான் சொல்வார்கள். "பாஸ், பதினெட்டுல வச்சேன், அப்பவும் பத்தல." சிங்களத்தில் வந்தாலும் இதே பேச்சு, தமிழில் வந்தாலும் இதே பேச்சு. வீடு, கடை, வேன் என்று இருந்த இந்த வரிசையில் இப்போது கரவனும் சேர்ந்துவிட்டது. உடவளவையில் யானை பார்க்க வருகிறவர்களில் அங்கொருவர் இங்கொருவர் ஜீப்புக்குப் பின்னால் தங்கள் படுக்கையறையையே இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

கரவன் ஏசியில் ஆள் கை வைக்கக்கூடிய இடம் மூன்று. தேர்மோஸ்டாட் ஒன்று. ஃபேன் வேகம் ஒன்று. கொம்ப்ரசர் நிற்கும்போது ஃபேனும் சேர்ந்து நிற்கவேண்டுமா, அது பாட்டுக்கு ஓடவேண்டுமா என்று சொல்கிற சுவிட்ச் ஒன்று. முதலாவதை எல்லோரும் திருகுகிறார்கள், மூன்றாவதை யாரும் தொடுவதில்லை. ஆனால் ராத்திரி தூக்கம் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுதப்போகிறேன்.

ஊரைச் சொல்லாமல் இதைப் பேசமுடியாது. எம்பிலிப்பிட்டிய இரத்தினபுரி மாவட்டம்தான். ஆனால் இரத்தினபுரி என்றதும் கண்ணுக்கு வருகிற மழையும் தேயிலையும் இங்கே கிடையாது. பெல்மதுளையிலிருந்து ஏ18 பாதையில் கஹவத்தை, மாதம்பை, கொடகவெல, பல்லேபெத்த என்று இறங்கி வரவர தேயிலை குறைந்து, இறப்பர் குறைந்து, கடைசியில் வயலும் வாழையும் வெயிலுமாக முடிகிறது. மார்ச், ஏப்ரல் பகல்களில் முப்பத்துமூன்று, முப்பத்துநாலு டிகிரி இங்கே சர்வசாதாரணம். நான் பிறந்த றக்வானைப் பக்கம் அதே நேரத்தில் சாயங்காலம் ஆனால் தோளில் ஒரு துவாய் வேண்டும்.

ஆனால் வெயில் காலத்தில் எனக்கு அவ்வளவாக முறைப்பாடு வருவதில்லை. "ஏசி நல்லாத்தான் குளிருது, ஆனா உள்ள என்னமோ மாதிரி இருக்கு" என்கிற முறைப்பாடு வருவது ஒக்டோபர், நவம்பரில். மத்தியானம் இடிமழை பெய்து ஓய்ந்திருக்கும். சந்திரிகா வெவவிலிருந்து காற்று வரும். வெப்பம் இருபத்தாறு, இருபத்தேழுதான் இருக்கும். கட்டிய சாரம் மட்டும் காயாது.

அப்படி ஒரு ஒக்டோபரில்தான் அந்தக் கரவனைப் பார்த்தேன். கொழும்புப் பக்கத்துக் குடும்பம், தாய் தகப்பன் இரண்டு பிள்ளைகள். ட்ரெயிலர் சேஸ் ஒன்றின்மேல் உள்ளூர் கராஜில் தகடு அடித்துக் கட்டிய பெட்டி அது. உள்ளே பிளைவூட் அடித்து, மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, சின்னச் சமையல் மேசை. பின் சுவரை வெட்டி ஒரு 9,000 பிடியு விண்டோ ஏசி பூட்டியிருந்தார்கள். குளத்துக்குக் கிட்ட சொந்தக்காரர் ஒருவரின் தென்னந்தோட்டத்தில் நிறுத்தி, வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் எடுத்திருந்தார்கள்.

அந்த அம்மா சொன்ன விஷயம் தெளிவாக இருந்தது. ஏசி குளிர்கிறது. ஆனால் விடியக்காலையில் பெட்ஷீட் நனைந்த மாதிரி இருக்கிறது, தலையணை வாசம் அடிக்கிறது, சின்னவனுக்கு மூக்கு அடைத்துக்கொள்கிறது. கேஸ் குறைந்திருக்கும் என்று யாரோ சொல்லி, கேஸ் நிரப்பத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கேஸில் ஒரு குறையும் இல்லை. ஏசியின் முகத்தைப் பார்த்தேன். தேர்மோஸ்டாட் குமிழ் குளிர்ப் பக்கம் முக்கால்வாசி திருகி இருந்தது. ஃபேன் ஹையில். 'எனர்ஜி சேவர்' என்று ஒரு சின்ன சுவிட்ச், அது ஓஃப். என் பையில் ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் எப்போதும் இருக்கும். அதை மேல் படுக்கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்திருந்தது. கொம்ப்ரசர் ஓடியபோது மீட்டர் மெல்ல இறங்கி அறுபதுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. "டொக்" என்று கொம்ப்ரசர் நின்றது, ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மீட்டர் ஏறத் தொடங்கியது. அறுபத்தெட்டு, எழுபத்துமூன்று, எழுபத்தெட்டு. யாரும் கதவைத் திறக்கவில்லை, அடுப்பு எரியவில்லை. அந்தத் தண்ணீர் ஏசிக்குள்ளிருந்துதான் வந்தது.

காரணம் இதுதான். ஏசியின் உள்கொயில் ஓடும்போது பத்து டிகிரி அளவில் இருக்கும். முப்பது டிகிரி வெப்பமும் எழுபத்தைந்து வீத ஈரமும் உள்ள காற்று, இருபத்தைந்து டிகிரிக்கு இறங்கினாலே தண்ணீர் விடத் தொடங்கிவிடும். ஆகவே பத்து டிகிரி கொயிலைத் தொட்ட காற்று தன் ஈரத்தை அதன் தகடுகளில் விட்டுவிட்டுப் போகிறது. தகடு தகடாகத் தண்ணீர் கோர்த்து, கனத்து, சொட்டி, தட்டில் விழுந்து வெளியே போகவேண்டும். கொம்ப்ரசர் நின்றதும் கொயில் சூடாகத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் ஃபேன் ஓடினால், தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற தண்ணீரையும் தட்டில் தேங்கியதையும் அதே காற்று திரும்ப எடுத்து உள்ளே கொண்டுவந்து விடுகிறது. பத்து நிமிடம் கரண்ட் செலவழித்துப் பிடித்த ஈரம் ஐந்து நிமிடத்தில் படுக்கைக்கு வந்துவிடும்.

அமெரிக்காவில் புளோரிடா சூரிய ஆற்றல் நிலையத்தின் ஆய்வாளர்கள் இதைப் பல வருடம் அளந்து பார்த்து 2006ல் விரிவாக அறிக்கை எழுதியிருக்கிறார்கள். ஃபேனைத் தொடர்ந்து ஓடவிட்டு, கொம்ப்ரசர் மட்டும் அடிக்கடி நின்று நின்று ஓடினால், ஏசி ஈரத்தை எடுக்கும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போய்விடும் என்பது அதில் உள்ள செய்தி. புளோரிடாவும் நம்மைப்போலப் புழுக்கமான இடம். அவர்கள் வீடுகளில் கண்டது, நாலு பேர் படுக்கிற ஒரு தகரப் பெட்டிக்குள் இன்னும் பலமாக நடக்கும்.

நாலு பேர் என்பதைச் சும்மா சொல்லவில்லை. தூங்குகிற மனிதன் மூச்சிலும் தோலிலும் மணிக்கு நாற்பது, ஐம்பது கிராம் தண்ணீரைக் காற்றில் விடுகிறான். நாலு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் ஏறக்குறைய ஒன்றரை லீட்டர். படுக்கப்போகுமுன் உள்ளேயே தேத்தண்ணி போட்டால் அது வேறு. சமையல் கேஸ் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும், கேத்தலில் கொதிக்கிற தண்ணீர் தனிக்கணக்கு. வீட்டில் இவ்வளவு ஈரமும் அறை அறையாகப் பரவிவிடும். கரவனில் அதற்குப் போக்கிடம் ஸ்பொஞ் மெத்தை ஒன்றுதான்.

அன்று அந்த எனர்ஜி சேவரை ஓன் செய்தேன். அதை ஓன் செய்தால் கொம்ப்ரசர் நிற்கும்போது ஃபேனும் நின்றுவிடும். மேல்நாட்டுக் கரவன் தேர்மோஸ்டாட்டில் 'ஓட்டோ' என்று இருப்பதும் இதே வேலைதான். ஃபேனை லோவுக்கு இறக்கினேன். குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன், உள்ளே இருபத்தைந்து நிற்கிற அளவுக்கு. வேறு ஒரு பாகமும் மாற்றவில்லை. அடுத்த நாள் காலையில் அந்த அம்மா போன் பண்ணி, "பெட்ஷீட் வேளிச்சி" என்றார். காய்ந்திருக்கிறது என்று.

இந்த விஷயம் எனக்கு ஏசி படிக்கப் போனபோது தெரியவந்தது அல்ல. என் அப்பா றக்வானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை. ராத்திரி முறை என்றால் சில நாள் சாப்பாடு கொண்டுபோவேன். மாடிச் சுவரில் இரண்டு வெப்பமானி பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழ் சும்மா இருக்கும், மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றி, துணியின் நுனி ஒரு போத்தல் தண்ணீரில் கிடக்கும். டீமேக்கர் ஐயா வந்தால் முதலில் பார்ப்பது இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை. வித்தியாசம் கூட இருந்தால் காற்று காய்ந்திருக்கிறது, ஃபேனைப் போட்டால் கொழுந்து வாடும். வித்தியாசம் குறைந்துவிட்டால் காற்றே நனைந்திருக்கிறது, ஃபேனை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் கொழுந்து அப்படியே கிடக்கும். மழைநாளில் அப்பா சொல்வார்: "காத்து எவ்வளவு அடிக்குதுன்னு பாக்காத, அது குடிக்கத் தயாரா இருக்கான்னு பாரு." அந்த நேரம் அடுப்புப் பக்கத்துச் சூடான காற்றைக் கொஞ்சம் கலந்துவிடுவார்கள். வெப்பம் ஏறினால் காற்றுக்குத் தண்ணீர் குடிக்கிற சக்தி வரும்.

லயத்துப் பிள்ளை எவனுக்கும் புரிகிற கணக்கு இது. மனித உடம்பும் அப்படித்தான் குளிர்கிறது. வியர்வை காயவேண்டும். காற்று காய்ந்திருந்தால் இருபத்தாறு டிகிரியிலும் சுகமாகத் தூங்கலாம். காற்று நனைந்திருந்தால் இருபத்திரண்டிலும் போர்வைக்குள் பிசுபிசுக்கும், போர்வையை எடுத்தால் நடுங்கும்.

ஏசி பிறந்த கதையும் இதுதான் என்று பிறகு படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1902ல் நியூயோர்க் புரூக்ளினில் ஓர் அச்சகம். ஈரத்தால் தாள் ஊதியும் சுருங்கியும் வர்ண அச்சு விலகிப்போனது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்கிற இளம் பொறியியலாளர் வடிவமைத்த ஏற்பாடுதான் நவீன ஏசியின் தொடக்கம் என்கிறார்கள். அவரிடம் கேட்டது காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஆட்களின் சுகம் அதற்குப் பின்னால் வந்தது.

இன்னொன்று, இதைத் தோட்டத்து ஆட்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்கவேண்டும். வேனின் டாஷ்போர்டுக்குள்ளும் கரவன் கூரை ஏசிக்குள்ளும் சுழல்கிற ஃபேனைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றிவர ஒல்லியான, முன்பக்கம் வளைந்த இதழ்கள் நெருக்க நெருக்கமாக வைத்த உருளை அது. எங்கள் தொழிலில் அதற்கு இன்றைக்கும் 'சிரொக்கோ ஃபேன்' என்றுதான் பெயர். அந்தப் பெயர் தேயிலையிலிருந்து வந்தது. சாமுவேல் டேவிட்சன் என்று அயர்லாந்துக்காரர் ஒருவர், 1864ல் அசாம் பக்கம் கச்சாரில் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். தேயிலை காயவைக்கிற இயந்திரத்தைச் செய்து, பெல்ஃபாஸ்டில் 1881ல் 'சிரொக்கோ' தொழிற்சாலையைத் தொடங்கினார். காயவைக்கிற இயந்திரத்துக்குக் காற்று வேண்டுமே என்று தேடிப்போனபோது உருவானதுதான் இந்த முன்வளைந்த இதழ் ஃபேன். இலங்கையின் பழைய ஸ்டோர்களில் சிரொக்கோ பெயர் இரும்பில் வார்த்திருப்பதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொழுந்து காயவைக்கப் பிறந்த ஃபேன்தான் இன்றைக்குக் கரவனில் படுத்திருப்பவனுக்குக் காற்று வீசுகிறது.

சரி, செட்டிங்குக்கு வருவோம்.

என்னோடு தோஹாவில் ஒன்றாக வேலை செய்த ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் இப்போது கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறார். கோடையில் குடும்பத்தோடு ட்ரவல் ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு அல்கொன்குயின் பக்கம் போவார். வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்: "அண்ணை, வெளியில முப்பது டிகிரிதான். ஆனா உள்ளுக்க பிசுபிசுவெண்டு கிடக்கு. ஃபேனை ஓட்டோவில விடுறதோ, ஹையில விடுறதோ? மனுசி பதினெட்டில வையுங்கோ எண்டு நிக்கிறா." ஒன்டாரியோவின் ஜூலை நம் ஒக்டோபருக்குச் சளைத்ததல்ல. அந்த நாட்டில் வானிலைச் செய்தியிலேயே வெப்பத்தோடு ஈரத்தையும் சேர்த்து 'ஹியூமிடெக்ஸ்' என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள், 1965லிருந்து.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

தேர்மோஸ்டாட்டில் பதினெட்டு வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்கவேண்டாம். சாதாரண கரவன் ஏசியின் கொம்ப்ரசருக்கு ஓடுவது, நிற்பது இரண்டுதான் தெரியும். இருபத்தைந்தில் வைத்தாலும் பதினெட்டில் வைத்தாலும் அது ஒரே பலத்தில்தான் குளிரை அனுப்பும். பதினெட்டு என்பது எப்போது நிற்கவேண்டும் என்கிற உத்தரவு. உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் எட்டிலிருந்து பதினொரு டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் உங்கள் ஏசி நல்லாத்தான் வேலை செய்கிறது. வெயிலில் காய்ந்த பெட்டிக்குள் முப்பத்தாறு டிகிரி இருந்தால், முதலில் இருபத்தாறு காற்றுதான் வரும். அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு "கேஸ் போயிருச்சு" என்று முடிவுகட்டுகிறார்கள். ஒரு மணித்தியாலம் பொறுக்கவேண்டும்.

பதினெட்டில் வைப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. மெத்தையும் சுவரும் பதினெட்டு, பத்தொன்பதுக்கு இறங்கிப்போயிருக்கும்போது யாராவது ஒன்றுக்குப் போகக் கதவைத் திறக்கிறார்கள். வெளிக்காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்று இருபத்தைந்தில் தண்ணீர் விடுகிற காற்று. குளிர்ந்த பிளைவூட்டிலும் மெத்தை ஓரத்திலும் அது வியர்க்கிறது. மெத்தைக்கு அடியில் கருப்புப் பூஞ்சை பிடிப்பது இப்படித்தான். இருபத்தைந்து, இருபத்தாறில் வையுங்கள். இந்தியாவில் 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர லேபல் உள்ள அறை ஏசிகளைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இருபத்துநாலில் இருக்கும்படி செய்திருக்கிறார்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஆறு வீதம் கரண்ட் மிச்சம் என்பது அவர்களுடைய கணக்கு. ஜெனரேட்டரிலும் பற்றரியிலும் ஓடுகிற கரவனுக்கு அந்த ஆறு வீதம் சின்ன விஷயமல்ல.

ஃபேன் வேகத்துக்கு நேரம் பார்க்கவேண்டும். பகலில் வந்து நிறுத்தியதும் ஹை. அப்போது சூட்டை வெளியேற்றுவதுதான் வேலை, காற்று நிறைய ஓடவேண்டும். பொழுதுசாய்ந்து உள்ளே ஓரளவு குளிர்ந்தபின் லோ. மெதுவாகப் போகிற காற்று கொயிலோடு கூட நேரம் உறவாடும், கொயிலும் நல்லாக் குளிர்ந்திருக்கும், ஈரம் கூடப் பிடிபடும். சத்தமும் குறைவு.

ஆனால் லோவிலும் ஓர் எல்லை உண்டு. ஃபில்டர் தூசி பிடித்திருக்க, காற்றும் ஈரமாக இருக்க, ஃபேனும் லோவில் இருந்தால் கொயில் உறையத் தொடங்கிவிடும். வேன் ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், பெயர்தான் தெரியாது. இரட்டை ஏசி வேனில் கதிர்காமம் போய்த் திரும்புகிறார்கள், மழை ராத்திரி, பிள்ளைகளுக்குக் குளிரும் என்று ஃபேனை ஒன்றில் வைத்திருக்கிறார்கள். எம்பிலிப்பிட்டிய வரும்போது காற்று வருவது குறைகிறது. மாதம்பை ஏற்றத்தில் காற்றே இல்லை. "கொம்ப்ரசர் ஓடுது, ஆனா காத்து வரல அண்ணே" என்று ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் வரும். கொயில் முழுக்க வெள்ளை ஐஸ், காற்றுப் போக வழியில்லை. ஏசி பட்டனை அமர்த்தி, ஃபேனை மட்டும் ஹையில் ஒரு கால் மணித்தியாலம் ஓடவிட்டால் வேனில் ஐஸ் கரைந்துவிடும். கரவன் ஏசி என்றால் அரை மணிக்கு மேலும் ஆகலாம். அந்த நேரம் பார்த்துக் கேஸ் நிரப்பச் சொல்கிற கடையில் நிறுத்தவேண்டாம். முதலில் ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் அலசுங்கள். உடவளவை, தணமல்வில பாதைத் தூசிக்கு இரண்டு வாரத்துக்கொருமுறை அலசினாலும் தப்பில்லை.

தேர்மோஸ்டாட் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் ஒரு தரம் பாருங்கள். தான் இருக்கிற இடத்து வெப்பத்தைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. அடுப்புக்கு மேலே பூட்டியிருந்தால் ராத்திரி முழுக்க ஏசி ஓடும். குளிர்காற்று நேராக அடிக்கிற சுவரில் இருந்தால், அறை குளிருமுன்பே நின்றுவிடும். நல்ல இடம், படுத்திருக்கிறவன் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, வெளிச்சுவரில் படாமல், காற்றும் வெயிலும் நேரே விழாமல். விண்டோ ஏசியில் அந்த உணர்கம்பி உள்கொயிலுக்கு முன்னால் ஒரு கிளிப்பில் தொங்கும். சுத்தம் செய்கிறேன் என்று கழற்றுகிறவர்கள் அதைக் கொயிலோடு ஒட்டி வளைத்துவிடுகிறார்கள். பிறகு கொம்ப்ரசர் நிமிடத்துக்கு நிமிடம் நின்று ஓடும். கொயிலைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளியில் கிளிப்பில் நிற்கவைத்தால் போதும்.

அந்தக் கொழும்புக் கரவனில் கவனித்த இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும், நிறையப் பேருக்கு உதவும். விண்டோ ஏசி வெளிப்பக்கம் ஓர் இம்மியாவது சரிந்திருக்கவேண்டும். வீட்டில் பூட்டும்போது பாஸ் அதைப் பார்த்துத்தான் பூட்டுவார். ஆனால் கரவன் இடத்துக்கு இடம் மாறுகிற வீடு. தோட்டத்து நிலம் சரிவாக இருந்தால் ஏசியும் உள்பக்கம் சரியும், தட்டுத் தண்ணீர் வெளியே போகாமல் தேங்கி உள்ளேயே சொட்டும். வண்டியை நிறுத்தியதும் ஜாக்கை இறக்கி, தரையில் ஒரு மட்டம் வைத்துப் பாருங்கள். கையில் மட்டம் இல்லாவிட்டால் பாதி தண்ணீர் நிரப்பிய போத்தலைப் படுக்க வைத்தாலே தெரிந்துவிடும்.

நிழலைப் பற்றிப் பெரிதாகச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் தேங்காய் விழுகிற இடத்தில் நிறுத்தவேண்டாம். கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தால் ஏசிக்கு வேலை குறையும். ஸ்பொஞ் மெத்தையை மாற்ற முடிந்தால் தும்பு மெத்தை போடுங்கள், அடியில் பலகைச் சட்டம் வைத்துக் காற்றுப்போக வழிவிடுங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. கூரையில் பூட்டுகிற அமெரிக்கக் கரவன் ஏசிகள் 13,500 அல்லது 15,000 பிடியு வரும், 120 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் ஊர்க் கரண்ட் 230 வோல்ட். யாராவது மலிவாகக் கொண்டுவந்து கொடுத்தால் தகட்டில் எழுதியிருப்பதை வாசிக்காமல் சொருகவேண்டாம். நம் அளவுக் கரவனுக்கு 9,000 பிடியுவே தாராளம். ஏசி பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். பெரிய ஏசி சின்னப் பெட்டியை ஐந்து நிமிடத்தில் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். கொயிலில் தண்ணீர் கோர்த்துச் சொட்டுவதற்கே நேரம் இருக்காது. சின்ன ஏசி நீண்ட நேரம் ஓடுவதுதான் ஈரத்துக்கு மருந்து. கரண்ட் போய்வந்தால் மூன்று நிமிடமாவது பொறுத்துவிட்டு ஏசியைப் போடுங்கள். உள்ளே கேஸ் அழுத்தம் சமமாகாமல் கொம்ப்ரசரைக் கிளப்பினால் அது முக்கிக்கொண்டு நிற்கும், வைண்டிங் எரியும். பழைய குமிழ் ஏசிகளில் இதைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஆள் கிடையாது, நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

காய்ந்த காலத்தில் ஃபேனை மட்டும் ஓடவிடலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஜூலை, ஓகஸ்ட்டில் எம்பிலிப்பிட்டியக் காற்று காய்ந்திருக்கும். ராத்திரியில் ஜன்னல் இரண்டையும் வலையோடு திறந்து ஃபேனை மட்டும் போட்டால் ஏசியே வேண்டாம். றக்வானை, பலாங்கொடை, பெலிஹுல்ஓய என்று ஏறிப்போகிறவர்களுக்கும் அப்படித்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி தானாகக் குறைகிறது, அப்புத்தளைக்குப் போனால் போர்வை தேடவேண்டும். அங்கே போய் ஏசியைக் குளிரில் போட்டு "ஐஸ் பிடிக்குது" என்று சொல்லவேண்டாம்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. மேலே சொன்னதெல்லாம் மறந்துபோனாலும் இதை மறக்கவேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

ஏசி வேண்டும் என்பதற்காக எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடி ஏற்றி, வேனுக்குள் தூங்குகிறவர்கள் நிறையப் பேர். ஹயர் போகிற டிரைவர் தம்பிமார், யாத்திரை போகிற குடும்பங்கள், விமான நிலையத்துக்கு வெளியே காத்திருக்கிறவர்கள். சைலன்சரில் ஓர் ஓட்டை, பின்கதவு ரப்பரில் ஒரு கிழிசல், காற்று அடிக்கிற திசை மாறுவது, இதில் எது இருந்தாலும் புகை உள்ளே வரும். அதில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஒட்சிசனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி வரும், மயக்கம் வரும். தூங்குகிறவனுக்கு அது எதுவும் தெரியாது. ஏசியை உள்காற்றிலேயே சுழலவிட்டால் பாதுகாப்பு என்று சிலர் நம்புகிறார்கள். வண்டி காற்றுப் புகாத பெட்டி அல்ல, வந்த புகை உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

கரவனுக்கு ஜெனரேட்டர் வைக்கிறவர்கள் அதை ஆறு மீட்டருக்குக் கிட்டக் கொண்டுவரவேண்டாம். புகைக்குழாயைக் கரவனுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, ஜன்னல் இல்லாத பக்கமாக வையுங்கள். மழை பெய்கிறது என்று கரவனுக்கு அடியிலோ முன் பந்தலுக்குள்ளோ தள்ளவே வேண்டாம். தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் பற்றரியில் ஓடுகிற காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்றைப் பூட்டுங்கள், மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க உள்ளே யாராவது தூங்குவதை எங்கே கண்டாலும், தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணாடியைத் தட்டி எழுப்பிவிடுங்கள்.